ஈரத் தளம், மிதிக்காதீர்கள்

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்து வேலைக்காரர்கள் வைப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கட்டை, அதில் சின்னதாக ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று ஊரில் ஒரு பேச்சு. அது பொய். ஒரே ஒரு தடவைதான் வைத்துப் பார்த்தார். மேசை சாய்ந்துதான் இருந்தது.

முப்பத்தொரு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. வெளிக்கதவிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் கார் ஏறி வருவதற்குச் சிமெண்ட் தளம் போடுவது. சுவர் எழுப்பக் கூப்பிட்டால் போகமாட்டார், கூரை என்றால் காதிலேயே வாங்கமாட்டார். "எனக்குத் தரை போதும். தலைக்கு மேல இருக்கிறதெல்லாம் வேற ஆளுங்களுக்கு" என்பார். அவர் போட்ட தளத்தில் மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்காது, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நேரே தெருவுக்கு ஓடிவிடும்.

ஆனால் தளம் போடுவதைக் காட்டிலும் போட்ட தளத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கலவையைக் கொட்டி, பலகையால் இழுத்து, கரண்டியால் தேய்த்து நிமிர்வதற்குள் எங்கிருந்தோ ஒரு நாய் வரும். நாய் போனால் தபால்காரர். தபால்காரர் போனால் வீட்டுக்காரரின் மச்சான், "காஞ்சிடுச்சா பாப்போம்" என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க. இந்த மச்சான்களை என்ன செய்வது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அதனால் ரசமட்டம் ஒரு தகரப் பலகை எழுதி வைத்திருந்தார். 'ஈரத் தளம், மிதிக்காதீர்கள். ஏழு நாள்.' படிக்கத் தெரியாத நாய்களுக்கும் படிக்கத் தெரிந்த மச்சான்களுக்கும் பொதுவாக ஒரு குரலும் வைத்திருந்தார். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, "ஏய், கால வைக்காத!" என்று அவர் போடும் சத்தத்தில் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவன்கூடக் காலை ஊன்றி நின்றுவிடுவான்.

இந்த ஏழு நாள் கணக்கு முழு உண்மை இல்லை. ஒரு நாள் போய்விட்டால் தளத்தின்மேல் ஆள் தாராளமாக நடக்கலாம். கார் ஏறத்தான் ஏழு நாள். கலவை நன்றாக இருந்தால் அதற்கு முன்பேகூடத் தாங்கிவிடும். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். வீட்டுக்காரர்களிடம் மட்டும் மூச்சு விடமாட்டார். "ஏழுன்னு சொன்னாத்தான் மூணு நாளாவது விடுவாங்க. உள்ளதச் சொன்னா அன்னைக்கு சாயங்காலமே லாரிய ஏத்திடுவாங்க" என்பது அவர் கட்சி. சொல்லிச் சொல்லி இப்போது அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்பது மனைவியின் கட்சி. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கத்தின வாய் மட்டும் சும்மா இருக்குமா?

ஊருக்கெல்லாம் தளம் போட்டவரின் வாசல் எப்படி இருந்தது என்று கேட்டுவிடாதீர்கள். வெளிக்கதவிலிருந்து படி வரை இருபத்திரண்டு அடி, அத்தனையும் மண். வெயிலில் புழுதி, மழையில் சேறு. கல்யாணமாகி வந்த வருஷம் மனைவி ஒரு தடவை கேட்டாள். மகள் பிறந்த வருஷம் ஒரு தடவை கேட்டாள். அப்புறம் மழைக்கு மழை கேட்டாள். "இந்த ஒரு வேலை முடியட்டும்" என்பார் அவர். அந்த ஒரு வேலை முப்பது வருஷமாக முடியவில்லை. "ஊரான் வாசல்ல எல்லாம் பாய் விரிக்கிறாரு, நம்ம வாசல்ல ஒரு சாக்குகூடப் போடமாட்டேங்கிறாரு" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். கடைசியில் அவளே எங்கிருந்தோ ஒன்பது செங்கல் கொண்டுவந்து, காலடிக்கு ஒன்றாகச் சேற்றில் பதித்துக்கொண்டாள். மழை நாளில் அதன்மேல் தாண்டித் தாண்டித்தான் கடைக்குப் போவாள், வருவாள்.

இந்த வருஷ மழையில் நான்காவது செங்கல் புரண்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து எட்டு நாள் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வெளிக்கதவைத் தாண்டியதும் சக்கரம் சேற்றில் புதைந்தது. தள்ளினால் நகரவில்லை, இழுத்தால் இன்னும் புதைந்தது. ரசமட்டமும் மகளும் வண்டி ஓட்டி வந்தவனும் தையல்காரம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். அந்த வலியிலும் அவள் சிரித்தாள். "பாத்துங்க, பீரோ கதவு பேந்துக்கப் போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரசமட்டம் மட்டும் சிரிக்கவில்லை. தன் வாசலைத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்ப்பவர்போல நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளே கையிலிருந்த இரண்டு வேலைகளையும் தள்ளி வைத்தார். மண்ணைத் தோண்டி எடுத்தார். மனைவியின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து அவள் மேற்பார்வை பார்த்தாள். அவள் மேற்பார்வை என்றால் சும்மா இல்லை, வாய் ஓயாது.

"என் செங்கல்ல ஒண்ணக்கூடத் தூக்கிப் போடாதீங்க."

"உன்னக் கவுத்துவிட்ட செங்கல்லுக்கு என்னடி இவ்வளவு பாசம்?"

"கவுத்தது ஒண்ணுதான். மீதி எட்டும் இத்தன வருஷமா தாங்குச்சில்ல?"

ஒன்பதையும் உடைத்து அடியில் போட்டு, அதன்மேல் ஜல்லி பரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். கம்பி வலை விரித்தார். திங்கட்கிழமை கலவை கொட்டினார். ஊராருக்கு நான்கு அங்குலம் போடுகிறவர் மனைவிக்கு ஆறு அங்குலம் போட்டார். படியை உடைத்துவிட்டு, சக்கரம் மூச்சு வாங்காமல் ஏறுகிற மாதிரி நீளமாகச் சரிவு கொடுத்தார். மழையில் சக்கரம் வழுக்காமல் இருக்க, இறுகுவதற்கு முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே மெல்லிய கோடு இழுத்தார். எட்டடிக்கு ஒரு வெட்டு வெட்டினார். தளம் என்றால் எப்போதாவது வெடிக்கத்தான் செய்யும், எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் அந்த வெட்டு என்பார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு தளத்தை அவர் போட்டதில்லை. சாயங்காலம் வெளிக்கதவின் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் தகரப் பலகையைத் தொங்கவிட்டார்.

"இதுல முதல்ல போறது நான்தான், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"பின்ன வேற யாரு? காக்கா உக்காந்தாக்கூட விடமாட்டேன்."

அன்றிலிருந்து வீட்டு ஆட்கள் வருவதும் போவதும் பின்பக்கமாகத்தான். சமையலறைக் கதவு வழியாக வெளியேறி, சுற்றுச்சுவரில் இருந்த சந்தில் புகுந்து, தையல்காரம்மா வீட்டு வாசல் வழியாகத் தெருவுக்குப் போக வேண்டும். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அம்மாவுக்காக விடுப்பில் இருந்தாள். "நம்ம வீட்டுக்கு நாமே திருட்டுத்தனமா வரவேண்டியிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் சுற்றித்தான் வந்தாள்.

புதன்கிழமை காலையில் ரசமட்டம் தளத்தின்மேல் போட்டிருந்த ஈரச் சாக்குகளுக்குக் குழாயால் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு நாளானா ஆள் நடக்கலாம்னு நீங்கதான சொல்லுவீங்க? இப்ப ரெண்டு நாளாச்சு. என்னைய ஒரு தடவ கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன். படுத்தே கிடக்கிறதுல கால் கடுக்குது."

"ஏழு நாள்னா ஏழு நாள்தான்."

"நான் என்ன லாரியா?"

"உனக்குன்னு போட்டிருக்கேன். ஒரு கோடு விழக்கூடாது. இன்னும் அஞ்சு நாள் பொறு."

"முப்பது வருஷம் பொறுத்தாச்சு, அஞ்சு நாள் பொறுக்க மாட்டேனா" என்று அவள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டாள். அந்தக் கால் லேசாக வீங்கியிருந்ததை மூன்று பேருமே பார்த்திருந்தார்கள். படுத்தே இருப்பதால் வந்த வீக்கம் என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

பதினோரு மணிக்குள் அவளுக்கு மூச்சுத் திணறிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. உதடு நிறம் மாறியது. மகள் போன் பண்ணினாள். ரசமட்டம் மனைவியின் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டதும், மகளிடம் அவளை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்கதவைத் திறந்து நிலைவாசலில் நின்றார்.

வண்டி வேகமாக வந்து வீட்டெதிரே நின்றது. டிரைவர் பின்பக்கம் வாசலைப் பார்க்க வண்டியைத் திருப்பினான். பின்பக்கத்திலிருந்து நீலச் சட்டை போட்ட ஒரு பெண் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு கையால் கயிற்றை மேலே தூக்கி, காலை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.

"ஏய், கால வைக்காத!"

இரண்டு கையும் அகல விரிந்திருந்தது. அடுத்த தெருவரை கேட்டிருக்கும். வண்டி அப்படியே நின்றது. அந்தப் பெண்ணின் கால் அந்தரத்தில் நின்றது.

"தளம் ஈரமா இருக்கு. அந்தப் பக்கம், அந்தப் பக்கமா வாங்க. அடுத்த வீட்டு வழியா."

நினைத்துச் சொன்னாரா என்றால் இல்லை. சத்தியமாக இல்லை. முப்பத்தொரு வருஷமாக நாய்க்கும் தபால்காரருக்கும் மச்சான்களுக்கும் கத்திக் கத்திப் பழகிய வாய் அது, அவரைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து ஒரு மனுஷன் கத்தினால் எவனும் நிற்கத்தான் செய்வான். வந்தவர்களும் நின்றார்கள், அவர் காட்டிய பக்கம் திரும்பினார்கள். வண்டி தையல்காரம்மா வீட்டுக்கு நகர்ந்தது. ஸ்ட்ரெச்சர் அவள் வாசலில் நுழைந்து, பூந்தொட்டிகளை இடித்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சுவர்ச் சந்தில் மாட்டிக்கொண்டது. நிமிர்த்திச் சாய்த்து எடுத்தார்கள். சமையலறைக் கதவில் திரும்பவே மாட்டேன் என்றது. அதை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு போர்வையில் அவளைக் கிடத்தி நாலு மூலையையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

ஒரு மூலையை ரசமட்டம் பிடித்திருந்தார். சமையலறையைத் தாண்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்கதவு திறந்தே இருந்தது. அங்கிருந்து தெருவுக்கு இருபத்திரண்டு அடி. ஆள் நடக்கலாம், ஸ்ட்ரெச்சர் போகலாம், பத்து பேர் கும்மாளம் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஆனால் வண்டி அதற்குள் அடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வண்டியில் ஏற்றி முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தபோது அவள் அதை விரலால் ஒதுக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"யாரும் மிதிக்கலையே?"

"இல்ல" என்றார்.

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அப்புறம் அவள் எதுவும் பேசவில்லை. இரண்டு மணிக்குப் போய்விட்டாள்.

காலில் கட்டிய ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாள். சின்ன வயசுப் பெண், கண் சிவந்திருந்தது. ரசமட்டம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா?"

"சொல்ல முடியாதுங்க. இந்த மாதிரி வரும்போது எவ்வளவு முன்னாடி வந்தாலும்…" என்று தொடங்கியவள், நடைவழியில் யாரோ கூப்பிடவும் பாதியில் எழுந்து போய்விட்டாள். முடியாது என்று சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார். பிழைத்திருப்பார்கள் என்று சொல்லியிருந்தால் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார். இரண்டும் கிடைக்கவில்லை.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏம்ப்பா தடுத்த?"

தாளெல்லாம் முடித்து நாளைக் காலையில்தான் உடலைத் தருவோம் என்றார்கள். சாயங்காலம் அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரம்மா வீட்டு வழியாக வந்தபோது உடைந்த பூந்தொட்டி மண் காலில் மிதிபட்டது.

மகள் முன்னறைக்குப் போய், அம்மா படுத்திருந்த கட்டிலின் விரிப்பைச் சரி செய்தாள். ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தாள். வெளியே அப்பா குழாயைப் பிடித்துச் சாக்குகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்க வெயிலில் சாக்கு காய்ந்து போயிருந்தது, கண்ணில் பட்டதும் கை தானாகப் போயிருக்கிறது.

"அப்பா!"

அந்தக் குரலில் குழாய் அவர் கையைவிட்டு நழுவியது. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உடலைக் கொண்டுவந்த வேன் வாசலில் நின்றது. தெருவே கூடியிருந்தது. வேன் டிரைவர் வயதான ஆள், நிதானமானவர். இறங்கி வந்து கயிற்றையும் தகரப் பலகையையும் பார்த்தார்.

"ஈரத் தளம்னு போட்டிருக்கே. பின்பக்கம் வழி ஏதாவது இருக்காங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

ரசமட்டம் போய்க் கயிற்றை அவிழ்த்தார். பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார். குனிந்து சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டார். தளம் வெளுப்பாக, துடைப்பக் கோடுகளோடு, ஒரு காக்கைக் கால்கூடப் படாமல் கிடந்தது.

"ஏறி வாங்க" என்றார்.

"வண்டி கனம்ங்க. ரெண்டு டன்னுக்கு மேல இருக்கும்."

"பரவால்ல. முதல்ல அவதான் போகணும்னு சொல்லியிருந்தா."

வேன் பின்னோக்கி மெல்ல ஏறியது. "வா, வா, இன்னும் வா" என்று கையை ஆட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே நடந்தார். சரிவில் ஏறும்போதுகூட வண்டி ஒரு குலுக்குக் குலுக்கவில்லை. நேராக நிலைவாசலில் வந்து நின்றது. ஒருவரும் வெகுதூரம் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை, மூன்றே எட்டில் முன்னறைக்குள் கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலோரம் கிடத்தினார்கள்.

வேன் இறங்கிப் போனதும் ரசமட்டம் உள்ளே போகவில்லை. தளத்தின் நடுவே குந்தி உட்கார்ந்தார். சக்கரம் போன தடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஓரங்களைப் பார்த்தார். வெடித்தால் இங்கே வெடிக்கட்டும் என்று வெட்டி வைத்த இடங்களைப் பார்த்தார். கண்ணீர் மறைத்தது, துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயை எடுத்து வந்து தளம் முழுவதும் தண்ணீர் விட்டார்.

"பொண்டாட்டி உள்ள கிடக்கா, இந்த மனுஷன் தளத்துக்குத் தண்ணி காட்டிட்டு இருக்காரு பாரேன்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று இன்னொருவர் முடித்து வைத்தார். சொன்னவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருந்தது. மகளுக்கு மட்டும் தெரிந்தது. தளத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால் இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நனைத்துவிட்டால் மற்ற இடமெல்லாம் வெளுத்துக் காய்ந்த பிறகும், கீறல் மட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மயிரிழைபோலக் கறுப்பாகத் தெரியும். அவர் ஒரே ஒரு கீறலைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிட்டால், நேற்று தான் கத்தியதில் ஓர் அணுவாவது நியாயம் இருந்தது என்று ஆகிவிடும்.

அவள் உள்ளேயிருந்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. இரண்டு பேரும் தளம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருப்பக்கம் முதலில் வெளுத்தது. பிறகு நடுவில். கடைசியாக, வாசல் நிழல் விழுந்த சரிவில். எங்கும் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சவில்லை.

"எங்கயாவது இருக்காப்பா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். உள்ளங்கையைத் தளத்தின்மேல் விரித்து வைத்துக்கொண்டார். அதில் வெயிலின் சூடு இருந்தது.

"தாங்கிடுச்சும்மா" என்றார். "நேத்தே தாங்கியிருக்கும்."